தினம் புழங்குற சாமானுக்கு அழகு எதுக்கு?

பித்தளைப்பூண் — ஜனவரி 4, காலை 7.10

பாத்திரக் கடைக்குப் போனால் டம்ளரில் பூ, சொம்பில் கொடி, கரண்டிக் காம்பில் மயில். மயில் இருந்தால் விலையும் கூட. அடுப்படிச் சாமான் ஊற்ற வேண்டும், வெட்ட வேண்டும், சூடு தாங்க வேண்டும். அழகு வேண்டுமென்றால் சுவரில் ஒரு படம் மாட்டிக்கொள்ளலாம். என் கட்சி இதுதான்: கருவிக்கு அழகு வீண் செலவு. மறுக்கிறவர்கள் தத்துவம் பேசாமல் ஒரு சாமானைக் கையில் எடுத்து மறுக்கவும்.

சாணைக்கல் — ஜனவரி 4, காலை 9.45

டம்ளரையே எடுக்கிறேன். பூவை விட்டுவிடுங்கள், அது அச்சு. டபரா டம்ளரின் அழகு முழுக்க விளிம்பில் இருக்கிறது.

கைப்பிடி இல்லாத பாத்திரத்தில் கொதிக்கும் காபி. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் விளிம்புக்குக் கீழே பிடிக்கும். வெளிப்பக்கம் விரிந்த அந்த உதடு இல்லையென்றால் டம்ளர் வழுக்கிக் கீழே போகும். காபியை விளிம்பிலிருந்து ஒரு விரல் அளவு குறைத்து ஊற்றுவது கஞ்சத்தனம் இல்லை; அந்த ஒரு விரல் இடம்தான் பிடி. எவர்சில்வர் சூட்டை மெதுவாகக் கடத்தும், அதனால் காபி தொடாத மேல்பகுதி பிடிக்கிற சூட்டில் நிற்கும். பித்தளை அதைவிட ஏழெட்டு மடங்கு வேகமாகக் கடத்தும், சூடு விளிம்புவரை ஏறிவிடும். பித்தளை டம்ளரை டபராவோடு சேர்த்துத் தூக்குவது அதனால்தான்.

அடுத்து, அண்ணாந்து குடிப்பதும் ஆற்றுவதும். ஊற்றும்போது தாரை விளிம்பில் சட்டென்று அறுபட வேண்டும். விளிம்பு மெல்லியதாக, வெளியே சாய்ந்திருந்தால் அறுபடும். உருண்டையாகச் சுருட்டிய விளிம்பென்றால் காபி வளைவோடு ஒட்டிக்கொண்டு வெளிச்சுவரில் வழியும். ஆனால் விரலுக்கும் உதட்டுக்கும் உருண்டைதான் சுகம். இரண்டு தேவையும் ஒன்றுக்கொன்று எதிரி. நல்ல டம்ளரில் பார்த்தால் உதடு மெலிந்து விரிந்திருக்கும், முனையின் பிசிறு மட்டும் தேய்த்து எடுக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு ‘எடுப்பாக’ இருக்கிறது என்று சொல்கிறோமே, அது இந்தச் சமரசம்தான்.

அடுப்படி — ஜனவரி 4, பகல் 12.20

அதெல்லாம் சரி. அந்தச் சுருட்டின விளிம்புக்குள்ள பால் போய் உட்காந்துக்கிட்டு மூணாம் நாள் நாத்தம் அடிக்குமே, அந்த அழகைப் பத்தி யாரும் பேச மாட்டீங்களா?

சாணைக்கல் — ஜனவரி 4, மாலை 6.05

பேசியே ஆக வேண்டும். சுருள் முழுதாக மூடாமல் மயிரிழை இடைவெளி விட்டால் கழுவின தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. வாங்குவதற்கு முன் சோதனை: தண்ணீரில் முக்கி எடுத்து, வெளியே நன்றாகத் துடைத்து, பழைய செய்தித்தாள் மேல் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் வட்டமாக ஈரம் விழுந்தால் சுருளுக்குள் தண்ணீர் நிற்கிறது. கடைக்காரர் தண்ணீர் விடச் சம்மதிக்காவிட்டால் தையல் நூலைச் சுருளின் அடியில் இழுத்துப் பாருங்கள், உள்ளே சிக்கினால் வேண்டாம். வாங்கின பிறகு இதற்கு வைத்தியம் கிடையாது. சுத்தியால் தட்டி மூடப் போனால் விளிம்பு அலை அலையாகி, வட்டமும் போய்விடும்.

பித்தளைப்பூண் — ஜனவரி 5, காலை 6.50

நீங்கள் சொன்னது எல்லாம் உபயோகம். அதற்கு அழகு என்று பெயர் வைத்துவிட்டீர்கள். எடுப்பாக இருக்கிற டம்ளரெல்லாம் ஒழுங்காக ஊற்றுமா?

ஜப்பானில் 1995-இல் ஒரு ஆய்வு வந்தது. ஹிட்டாச்சி நிறுவனத்தின் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த குரோசு, காஷிமுரா இருவரும் ஏடிஎம் திரையின் பொத்தான்களை 26 விதமாக அடுக்கி 252 பேரிடம் காட்டினார்கள். எது அழகு, எது எளிதாகப் பயன்படும் என்று இரண்டுக்கும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். அழகாகத் தெரிந்ததையே ஜனங்கள் எளிது என்றும் சொன்னார்கள். உண்மையில் எது எளிது என்பதோடு அந்த மதிப்பெண்ணுக்கு இருந்த உறவு அதைவிடக் குறைவு. அதாவது அழகு கண்ணைக் கட்டுகிறது. பாத்திரக் கடையிலும் அதுதான் நடக்கிறது.

மாக்கல் — ஜனவரி 5, காலை 10.30

அந்த ஆய்வில் பார்த்துச் சொன்னார்கள், புழங்கிச் சொல்லவில்லை. கடையில் நிற்கும் ஐந்து நிமிடத்துக்கு உங்கள் வாதம் சரி. ஆயிரம் தடவை புழங்கின பிறகு கண்ணை யாரும் கட்ட முடியாது, கை சொல்லிவிடும்.

அடுப்படி — ஜனவரி 5, காலை 10.41

ஆயிரம் தடவைக்கு அப்புறம் கடைக்காரர் மாத்தித் தருவாரா?

சாணைக்கல் — ஜனவரி 5, இரவு 9.15

பூண் அவர்களின் கேள்வி நியாயமானது, எனவே என் வார்த்தையைத் திருத்திக்கொள்கிறேன். அழகு என்றால் உபயோகம் என்று சொன்னது அவசரம். இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன்: நல்ல சாமானின் அழகு, பழுதைக் காட்டிக்கொடுக்கும். பூவும் கொடியும் பழுதை மூடும்.

தோசைக்கல்லை எடுங்கள். பழகின கல்லின் அந்தக் கறுப்பு மினுமினுப்பு யாருக்கும் பிடிக்கும். அது பூச்சு இல்லை, சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிய படலம். அந்த நிறத்தைப் பார்த்தே தோசை எங்கே ஒட்டும் என்று மாவு ஊற்றுவதற்கு முன்னால் சொல்லலாம். ஒரே சீராகக் கறுப்பு என்றால் கவலை இல்லை. சாம்பல் நிறத் திட்டு இருந்தால் அங்கே படலம் உரிந்திருக்கிறது, சரியாக அந்த இடத்தில் பிய்யும். பழுப்பாகப் பிசுபிசுத்தால் எண்ணெயைத் தடிமனாகத் தடவிவிட்டீர்கள், அது இறுகவில்லை. செம்புள்ளி துரு.

புதுக் கல்லைப் பழக்க: சோப்பு போட்டு ஆலைப் பூச்சைத் தேய்த்து எடுத்து, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய வையுங்கள். அரை டீஸ்பூன் நல்லெண்ணெய். தடவி, பிறகு ‘தடவவே இல்லையோ’ என்று தோன்றும் வரை துணியால் துடைத்து எடுக்க வேண்டும். நடுத்தரத் தீயில் புகை வந்து அடங்கும் வரை. ஆறவிட்டு மறுபடி. நாலு தடவை. எல்லாரும் தப்பு பண்ணுவது துடைக்கிற இடத்தில்தான், எண்ணெய் கூடினால் நல்லது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வெங்காயத்தை வெட்டித் தேய்ப்பது தினசரி ஊற்றுவதற்கு முன் எண்ணெயைச் சீராகப் பரப்ப. கல்லைப் பழக்குவதற்கு அது மட்டும் போதாது.

நான்ஸ்டிக் கல்லும் வாங்கின அன்றைக்குக் கறுப்பாக, அழகாக இருக்கும். பூச்சு கீறல் விட்டு உரிவது கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் வேலை முடிந்திருக்கும், எண்ணெய் விட்டுப் புதுப்பிக்க முடியாது. இரும்புக் கல்லின் அழகு போனால் மீட்கலாம். அதன் அழகு போய்விட்டதே என்பதுதான் ‘என்னைக் கவனி’ என்கிற தகவல்.

மாக்கல் — ஜனவரி 6, காலை 8.00

இதைக் கல்சட்டிக்கும் சொல்லலாம். மாக்கல் மெத்து, உளி சுலபமாக இறங்கும், அதனால் சுவரைத் தடியாக விட்டுக் குடைகிறார்கள். மெலிதாக, பளபளவென்று கடைந்த சட்டி படத்தில் நன்றாக இருக்கும், அடுப்பில் விரியும்.

புதுச் சட்டியை நேராகத் தீயில் வைக்கக் கூடாது. முதலில் வெதுவெதுப்பான வடிகஞ்சி, தினமும் மாற்றி ஊற்றி, நாளுக்கு நாள் சூட்டை ஏற்றி ஒரு வாரம். பிறகு உள்ளேயும் வெளியேயும் மஞ்சள் குழைத்த எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, கழுவி, சட்டி நிறையத் தண்ணீரோடு சிறு தீயில் அரை மணி நேரம். எண்ணெய் தடவின உடனே ஒரு வேடிக்கை நடக்கும்: சட்டியில் மயிரிழை விரிசல் இருந்தால் எண்ணெய் அதில் இறங்கி மற்ற இடத்தைவிட இருண்ட கோடாகத் தெரியும். கல்லில் இயற்கையாக ஓடும் ரேகைக்கும் விரிசலுக்கும் வித்தியாசம் தெரிய நகத்தைக் குறுக்கே இழுங்கள். ரேகையில் நகம் தடுக்காது.

சாம்பல் கல் மெல்ல மெல்லக் கறுப்பாகும். வத்தக்குழம்புக்குத் தோதான சட்டி அந்தக் கறுத்த சட்டிதான். அடுப்பை அணைத்த பிறகும் அது கொதித்துக்கொண்டிருக்கும், எனவே குழம்பு கெட்டியாவதற்குக் கொஞ்சம் முன்பே அணைக்கவும்.

பித்தளைப்பூண் — ஜனவரி 6, பகல் 2.30

கல்லும் இரும்பும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொம்பு? அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1961-இல் இந்தியாவுக்கு வந்து, சொம்பைப் பார்த்து மயங்கி, இதை வடிவமைத்தவர் ஒரு மேதை என்று எழுதினார்களாம். வெள்ளைக்காரன் சொன்னால்தான் நமக்குச் சொம்பு அழகாகத் தெரியும்.

சாணைக்கல் — ஜனவரி 6, மாலை 5.50

இரண்டு திருத்தம். அவர்கள் இந்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தது 1958. 1961, அதன் தொடர்ச்சியாக அகமதாபாதில் தேசிய வடிவமைப்புக் கல்வி நிறுவனம் வந்த வருடம். இன்னொன்று, அவர்கள் எழுதியது நீங்கள் சொல்வதற்கு நேர் எதிர்: எந்தத் தனி ஆளும் சொம்பை வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறை சேர்ந்து செய்தது என்றார்கள். ஒருவர் உட்கார்ந்து வடிவமைக்கப் போனால் எதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும் என்று ஒரு பட்டியலும் போட்டார்கள். காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் எடை எங்கே நிற்கிறது, எப்படி ஊற்றும், உள்ளே கழுவ முடியுமா, தட்டினால் என்ன சத்தம், பழசானால் என்ன விலை போகும் என்பதுவரை.

கடைசி இரண்டும்தான் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். பித்தளையும் வெண்கலமும் பழசானாலும் எடைக்கு எடை விலை போகும், அதனால் தடிமனில் ஏமாற்றினால் தராசில் தெரியும். சத்தமோ பரிசோதனை. வெண்கலப் பானையை உள்ளங்கையில் உட்கார வைத்து, விரல் முட்டியால் விளிம்பில் தட்டுங்கள். ‘ணங்ங்’ என்று இழுத்தால் பானை முழுசு. ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். தட்டும்போது விளிம்பை இறுகப் பிடித்தால் நல்ல பானையும் செத்த சத்தம்தான் தரும், அதனால் கையை விரித்து ஏந்தவும். வெண்கலத்தில் வெள்ளீயம் கூடக் கூட நாதம் கூடும், உடையும் குணமும் கூடும். அதனால் கீழே போட்டுவிட்டால் உடனே ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

அடுப்படி — ஜனவரி 6, மாலை 6.12

எங்க தெருவுல பாத்திரம் கீழ விழுந்தா சத்தம் தானா வரும், தனியா தட்ட வேண்டாம்.

சொம்புக் கழுத்துக்குக் கீழ ரெண்டு மூணு கோடு ஓடுதே, அது எதுக்கு? அலங்காரம்தானே?

சாணைக்கல் — ஜனவரி 7, காலை 7.30

வார்த்துக் கடைந்த பித்தளைச் சொம்பில் கோடு என்பது உள்வாங்கின வெட்டு. ஈரக் கையில், எண்ணெய்க் கையில் விரல் தங்கும் இடம். தகட்டில் செய்த எவர்சில்வர் அண்டாவிலும் டிரம்மிலும் ஓடும் கோடு வேறு, அது புடைத்த வளையம். மெல்லிய தகடு உள்ளே அமுங்காமலிருக்க அந்தப் புடைப்புதான் விறைப்புக் கொடுக்கிறது. பார்க்க ஒன்று போல, வேலை வேறு.

மாக்கல் — ஜனவரி 7, காலை 8.15

ஒரு மறுப்பு. வெட்டுக் கோட்டில் புளியும் சாம்பலும் தங்கிப் பச்சைக் களிம்பு பிடிக்கும். கோடு ஆழமாகவும் குறுகலாகவும் இருந்தால் பிரஷ் இறங்காது, புளி போட்டுத் தேய்த்த சொம்பில்கூடக் கழுத்தில் பச்சை வளையம் நிற்கும். தேங்காய் நார் நுனி இறங்குகிற அகலம் இருக்க வேண்டும். அதற்கும் குறைந்த கோடெல்லாம் பூண் அவர்களின் கட்சிதான், வீண்.

சாணைக்கல் — ஜனவரி 7, காலை 8.40

ஏற்கிறேன். நேற்று இரவே எழுதியிருந்தால் கோட்டுக்கு ஒரு கவிதையே பாடியிருப்பேன்.

மாக்கல் — ஜனவரி 7, மாலை 4.00

குடத்தை விட்டுவிட்டோம். கழுத்து குறுகினதால் நடக்கும்போது தண்ணீர் அலம்பிச் சிந்தாது, கிணற்றில் இறக்கும்போது சுருக்குக் கயிறு விளிம்புக்குக் கீழே கவ்வும். அடி உருண்டையாக இருந்தால் தண்ணீரைத் தொட்டதும் சாய்ந்து தானே நிறையும். தட்டையான வாளி மிதந்துகொண்டு சண்டை போடும். உருண்டை அடியைத் தரையில் நிறுத்தப் பிரிமணை. வயிறு இடுப்பில் உட்கார.

இப்போது பிளாஸ்டிக் குடத்தைப் பாருங்கள். கயிறு இல்லை, கிணறு இல்லை, குழாயடியும் லாரியும்தான். ஊதி வார்க்கிற பிளாஸ்டிக்கை எந்த வடிவத்திலும் செய்யலாம். ஆனாலும் அதே கழுத்து, அதே வயிறு, சில குடங்களில் பித்தளைக் குடத்தின் வளையங்கள்கூட. இடுப்பு மாறவில்லை என்பதால் வயிறு மாறவில்லை. அடி மட்டும் தட்டையாகிவிட்டது, ஏனென்றால் வரிசையில் தானாக நிற்க வேண்டும்.

அதில் கோளாறு வருமிடம் கழுத்து. அச்சின் இரண்டு பாதி சேர்கிற இடத்தில் ஒரு தையல் கோடு நிற்கும். பதினைந்து லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் பதினைந்து கிலோ. அந்த எடையில் கோடு விரலை அறுக்கும். பிளேடைச் செங்குத்தாக வைத்துச் சுரண்டினால் ஐந்து நிமிட வேலை. சீவப் போகாதீர்கள், பிளேடு உள்ளே இறங்கினால் அந்த இடத்தில்தான் பின்னால் கீறும். இன்னொரு கோளாறு வெயில். வெளியிலேயே கிடக்கும் குடம் நிறம் வெளுத்தால் மொறமொறப்பாகிவிட்டது என்று அர்த்தம், நிறையத் தண்ணீரோடு கழுத்தைப் பிடித்துத் தூக்க வேண்டாம்.

பித்தளைப்பூண் — ஜனவரி 8, காலை 6.40

வெளுப்பது பழுதைக் காட்டுகிறது. சாணைக்கல் ஒரு கட்சி சேர்த்துவிட்டார்.

அப்படியானால் ஈயச்சொம்புக்கு என்ன பதில்? ரச வாசனையைப் பற்றி ஊரே பாடுகிறது. பார்க்க நெளிந்து, மங்கி, அழகே இல்லை. பழுதையும் காட்டாது, திடீரென்று ஒழுகிவிடும்.

சாணைக்கல் — ஜனவரி 8, காலை 9.20

ஒழுகுவதில்லை, உருகுவது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், கேஸ் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை அடி 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். எனவே வரிசை மாறக் கூடாது: முதலில் தண்ணீர், பிறகு அடுப்பு, முதலில் அணைப்பது, பிறகு இறக்குவது. தாளிப்பை வேறு கரண்டியில் செய்து கொட்ட வேண்டும். தீ அடியைத் தாண்டிப் பக்கத்தில் ஏறக் கூடாது. ரசத்தின் மட்டத்துக்கு மேலே இருக்கிற சுவருக்குப் பாதுகாப்பு கிடையாது, முதலில் போவது அங்கேதான். நுரை கூடினதும் இறக்கிவிடலாம், கொதிக்கவிட வேண்டாம்.

இதில் தோற்றத்தை நம்புவது ஆபத்து. மங்கல் வெள்ளையாக இருக்க வேண்டியது நீலம் கலந்த சாம்பலாக, அளவுக்கு மீறிக் கனமாக இருந்தால் காரீயக் கலப்பைச் சந்தேகிக்கலாம். வெள்ளைத் தாளில் தேய்த்தால் காரீயம் பென்சில் போலக் கோடு போடும். கோடு விழாததால் மட்டும் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள், கொஞ்சமாகக் கலந்தால் இந்தச் சோதனைக்குப் பிடிபடாது. காரீயம் நஞ்சு, புளி அதைக் கரைக்கும். சந்தேகம் இருந்தால் உலோகப் பரிசோதனை செய்கிற இடத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டே ரசம் வைக்கவும்.

ஆக, ஈயச்சொம்பின் பழுது கண்ணுக்குத் தெரியாது. இங்கே என் வாதம் நிற்கவில்லை. பூணுக்கு ஒரு புள்ளி.

அடுப்படி — ஜனவரி 8, பகல் 1.05

காந்தம் ஒட்டலைன்னா நல்ல எவர்சில்வர்னு சொல்றாங்களே, அதுவும் இப்படித்தானா?

சாணைக்கல் — ஜனவரி 8, பகல் 1.40

பாதி உண்மை. நிக்கல் இல்லாத 430 ரகத்தில் காந்தம் பிடித்துக்கொள்ளும். நிக்கல் கலந்த நல்ல ரகமான 304-இல் ஒட்டாது, ஆனால் விலை குறைந்த 202-இலும் ஒட்டாது. போதாததற்கு 304-ஐ ஆழமாக இழுத்து டம்ளர் ஆக்கும்போது வளைந்த இடங்களில் லேசாகக் காந்தம் பிடிக்க ஆரம்பிக்கும். காந்தத்தை வைத்து 430-ஐத்தான் கண்டுபிடிக்கலாம்.

மாக்கல் — ஜனவரி 9, காலை 7.55

அரிவாள்மணையைப் பற்றி யாரும் சொல்லாதது ஆச்சரியம். அலகின் வளைவைத்தான் எல்லாரும் அழகு என்பார்கள். காயை இரண்டு கையாலும் பிடித்து முன்னே தள்ளும்போது, வளைவினால் காய் அலகோடு வழுக்கிக்கொண்டே போகிறது. அமுக்கி வெட்டாமல் இழுத்து அறுக்கிறது. தக்காளி நசுங்காததற்கு அதுதான் காரணம். சாணை பிடிக்கத் தெரியாதவர்கள் மழுங்கின நடுப்பகுதியை மட்டும் தேய்த்துத் தேய்த்து அங்கே குழி விழ வைப்பார்கள். வளைவு உடைந்துவிடும், கீரைத் தண்டு அந்தக் குழியில் சிக்கி நார் நாராக நிற்கும். தேய்ப்பதென்றால் அடியிலிருந்து நுனிவரை ஒரே வீச்சில், இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில். முடிந்த பிறகு அலகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓரத்தைப் பாருங்கள். ஒளிக்கோடு அறுபடாமல் ஓடினால் சரி.

மணை குட்டையாக இருந்தால் தேங்காய் துருவும்போது முன்னால் கவிழும். வாங்கும்போது பலகையில் காலை வைத்து அலகின் தலையை வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள், பின்பக்கம் தரையை விட்டு எழும்பக் கூடாது. மடக்கு ரகத்தில் ஆணி ஆடினால் இறுக்கும் மறை இருக்கிறதா என்று பார்க்கவும். வெறும் ஆணியடித்து மழுக்கியிருந்தால் ஆறு மாதத்தில் ஆடும், ஆடுகிற அலகு விரலை வெட்டும்.

வாழைக்காய், வாழைப்பூ நறுக்கினதும் அலகு கறுப்பது துரு இல்லை. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த கறுப்பு. துடைத்து வைத்தால் போதும், உப்புத்தாள் போட வேண்டாம்.

அடுப்படி — ஜனவரி 9, காலை 8.30

துருவிப் பல் மழுங்கினா? மொத்தமா தூக்கிப் போடணுமா?

மாக்கல் — ஜனவரி 9, காலை 9.10

வேண்டாம். சின்ன முக்கோண அரம். பல்லின் நுனியைத் தொடாதீர்கள், இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் ஒரே திசையில் மூன்று இழுப்பு. எல்லாப் பள்ளத்துக்கும் அதே மூன்று. நுனியைத் தேய்த்தால் பல் குட்டையாகிச் சிரட்டையையும் சேர்த்துச் சுரண்டும், தேங்காய்ப்பூ பழுப்பாக வரும்.

பித்தளைப்பூண் — ஜனவரி 10, காலை 7.00

மயில் காம்புக் கரண்டிக்கு மட்டும் இன்னும் யாரும் வக்காலத்து வாங்கவில்லை, கவனித்தேன்.

அடுப்படி — ஜனவரி 10, காலை 7.25

நான் வாங்குறேன். அஞ்சு கரண்டி ஒரே மாதிரி தொங்குது, எது சாம்பாருக்கு எது பாயசத்துக்குன்னு மயிலைப் பாத்தாத்தான் தெரியும்.

சாணைக்கல் — ஜனவரி 10, காலை 8.10

அடையாளம்! இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. கல்யாணத்துக்கு இரவல் போன அண்டா திரும்பி வருவதும் பெயர் வெட்டியிருப்பதால்தான். மயிலுக்கு ஒரு நிபந்தனை: பிடிக்கிற இடத்தில் புடைப்பாக இருக்கக் கூடாது, உள்ளங்கையை அழுத்தும், பொரித்த எண்ணெயும் இடுக்கில் தங்கும். கொக்கிக்குப் பக்கத்தில், காம்பின் கடைசியில் இருக்கட்டும்.

பித்தளைப்பூண் — ஜனவரி 10, காலை 8.22

சரி, மயில் கடைசியில். புது எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கப் போகிறேன், பெயரை எங்கே வெட்டச் சொல்வது? அடியிலா?

சாணைக்கல் — ஜனவரி 10, காலை 8.30

அடியில் வேண்டாம், தரையில் இழுபட்டு அழிந்துவிடும். கழுத்திலும் வேண்டாம், மாக்கல் சொன்ன பச்சை எவர்சில்வரில் வராது, ஆனால் பிசிறு விரலில் குத்தும். வயிற்றின் மேல் வளைவில், கழுத்துக்கு மூன்று விரல் கீழே. வெட்டின கையோடு விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இனிஷியலும் வருஷமும் போதும், கடைப் பையன் எழுத்துப் பிழை விட இடம் குறையும்.